விலக்கு ரொட்டி

எர்ம்கார்ட் சீமாட்டி செத்து மண்ணுக்குள் போன பிறகும் சாப்பாட்டு வேளைக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தாள். தில்சேக்கு அப்படித்தான் இருந்தது.

எல்லர்போர்ன் மடத்தில் ஒருத்தி இறந்தால், உணவுக்கூடத்தில் அவள் உட்கார்ந்த இடத்தில் ஒரு மரச்சிலுவையை வைப்பார்கள். முப்பது நாளைக்கு அந்தச் சிலுவைக்கு முன்னால் அவள் பங்கை வைப்பார்கள். ஒரு கறுப்பு ரொட்டி, ஒரு கிண்ணம் பட்டாணிக் கூழ், ஒரு குவளை பீர். மற்றவர்கள் சாப்பிட்டு எழும்வரை அது அங்கேயே ஆறிக் கிடக்கும். பிறகு வாசல் சுவரில் பதித்திருக்கும் சுழற்பெட்டியில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால், வெளியே காத்திருக்கும் ஏழைக்குப் போய்விடும். கொடுப்பவள் முகம் வாங்குபவளுக்குத் தெரியாது, வாங்குபவள் முகம் கொடுப்பவளுக்குத் தெரியாது. செத்தவளின் பெயரால் ஒரு வயிறு நிறையும். அவள் ஆத்துமாவுக்கும் அது போய்ச் சேரும் என்பது நம்பிக்கை.

அந்தப் பங்கை வைப்பதும் எடுப்பதும் தில்சேயின் வேலை. பணிச்சகோதரிகளில் இளையவள் அவள்தான்.

புதைத்த பின் முதல் பங்கு வைத்த நாள். பெட்டியைச் சுற்றிவிட்டு, காலிக் கிண்ணத்துக்காகத் திரும்பச் சுற்றினாள். ரொட்டி அதிலேயே இருந்தது. கூழில் கைபடவில்லை. பீர் ஒரு சொட்டுக் குறையவில்லை.

"வெளிய யாரும் இல்லையாக்கா?"

வாசல் பார்க்கும் மெட்டே பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டிய பணிச்சகோதரி. மடத்து மௌனத்தைத் தினமும் உடைத்து, தினமும் அதற்கு மன்னிப்புக் கேட்டு, மறுநாள் மறுபடி உடைக்கிறவள்.

"ஏன் இல்ல? இருமல்காரி ட்ரூடே காலைலேர்ந்து செவுத்துக்கு அந்தப் பக்கம் லொக்கு லொக்குன்னு நிக்கிறாளே. சீமாட்டி வீட்டுச் சாப்பாடு தொண்டைல எறங்கலையாக்கும்."

"வேணாம்னா வேணாம்னு சொல்லணும்ல?"

"நீ எடுத்துத் தின்னுடி படிச்சவளே. செத்தவ எழுந்து வந்து கணக்கா கேக்கப்போறா?"

தில்சே சிரிக்கவில்லை. மறுநாளும் ரொட்டி திரும்பி வந்தது. அதற்கு அடுத்த நாளும். மெட்டே பொறுக்கமாட்டாமல் சுவரின் இடுக்கில் வாயை வைத்துக் கத்தினாள்.

"ஏ ட்ரூடே! தொரைசானிக்கு வறுத்த வாத்து வேணுமோ? ரொட்டிய ஏன் திருப்பி அனுப்புற?"

சுவருக்கு அப்பாலிருந்து இருமலும், இருமலுக்கு நடுவே கோபமான குரலும் வந்தன. மெட்டே காதை வைத்துக் கேட்டாள். திரும்பியபோது அவள் முகத்தில் கிண்டல் இல்லை.

"பெட்டி தெனமும் காலியாத்தான் வருதாம். 'செத்தவ பேரச் சொல்லி ஏழை வயித்துல அடிக்கிறீங்களே'ன்னு திட்டுறா."

இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் வைத்தால் அந்தப் பக்கம் போகும், அவ்வளவுதான் அதன் வேலை. இரண்டு பலகையும் ஒரு அச்சும். ஒளிந்துகொள்ள அதில் இடமில்லை.

அப்போதுதான் தில்சே அந்தச் சத்தத்தைக் கேட்டாள். மரத்தில் மோதிரம் படுகிற சத்தம். இரண்டு தட்டு, சற்று விட்டு இன்னொரு தட்டு. நல்ல பட்டப்பகலில், பெட்டிக்கு உள்ளேயிருந்து.

"கேட்டுச்சாக்கா?"

"என்னது?"

தில்சே ரொட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அந்தத் தட்டு யாருடையது என்று உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

*

தில்சே பிறந்தது ஹில்டஸ்ஹைம் தோல்காரர் தெருவில். ஊர்க்காரர்கள் அந்தத் தெருவுக்கு ஆற்றின் கீழ்க்கரையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். தோல்காரர்கள் பதனிட்ட தோலில் ஊருக்குச் செருப்பும் சேணமும் வேண்டும், நாற்றம் மட்டும் மேட்டுத் தெருவுக்கு ஏறக்கூடாது. அப்பன் தோல் ஊறப்போடுகிற குழியில் இடுப்பளவு நின்று வாழ்ந்தவன். பிடிவாதக்காரன். மகளை எழுத்துப் பள்ளிக்கு அனுப்பினான். அந்த வம்சத்தில் புத்தகத்தைத் திறந்து படித்த முதல் ஆள் அவள். சங்கீதங்கள் அத்தனையும் இலத்தீனில் அவளுக்கு மனப்பாடம். அப்பன் செத்ததும் அந்தப் படிப்பை நம்பி மடத்துக் கதவைத் தட்டினாள். மடம் அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தது.

பாடுமேடையில் உட்கார்ந்து சங்கீதம் பாடுவதற்குப் படிப்பு தேவையில்லை, குலம் வேண்டும். தாய்வழி தந்தைவழிப் பாட்டன்மாருக்கெல்லாம் கோட்டையும் கேடயமும் இருந்திருக்க வேண்டும். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாயசைத்த சீமாட்டிகளைத் தில்சே தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். அவர்கள் மேடையில் தப்பும் தவறுமாகப் பாட, அவள் கீழே படியைத் தேய்த்துக்கொண்டே சரியான சொல்லைப் பல்லுக்குள் சொல்லிக்கொள்வாள். பணிச்சகோதரிக்குப் புத்தகம் கூடாது. 'பரலோக மந்திரம்' ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு பாத்திரம் கழுவலாம்.

ஒருநாள் அவள் முணுமுணுப்பு எர்ம்கார்ட் சீமாட்டியின் காதில் விழுந்துவிட்டது.

"என்னடி இது, சாம்பிராணியையும் மீறித் தோல் நாத்தம் வருது! ஓ, பாட்டு வேற பாடுதா?"

மேடை முழுக்கச் சிரித்தது. தில்சே அந்தச் சிரிப்பை எலும்பில் எழுதி வைத்துக்கொண்டாள்.

அதனால்தான் சங்கம் வந்தபோது அவள் ஆனந்தத்தில் அழுதாள். பல மடங்கள் சேர்ந்து, பழைய விதிக்கே திரும்புவோம் என்று கட்டிக்கொண்ட சங்கம் அது. எல்லா வீட்டிலும் ஒரே விதி, ஒரே துணி, ஒரே பாட்டு. ஆண்டுதோறும் ஒரு விசாரணைச் சாமி வந்து ஒவ்வொருத்தியையும் தனியே உட்காரவைத்துக் கேட்பார். சங்கம் எல்லர்போர்னுக்கு அனுப்பிவைத்த புது மடத்தலைவி, தாயார் அல்ஹைத், வந்த அன்றே எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னாள்: "ரத்தம் எங்களுக்குத் தெரியாது. விதிதான் தெரியும். படிக்கத் தெரிஞ்சவ படிப்பா. மேடையில எடம் காலியானா, தகுதியுள்ளவளுக்குப் போகும்."

கண் எங்கேயும் அலையவில்லை அந்த அம்மாளுக்கு. கட்டாந்தரையில் படுத்தாள், மற்றவர்களுக்கு மீன் கொடுத்துத் தான் வெறும் ரொட்டி தின்றாள். அவளை வெறுக்கக் காரணம் தேடினாலும் கிடைக்காது. அதுதான் பிறகு எல்லாவற்றையும் கடினமாக்கியது.

அதுவரை ஒவ்வொரு சீமாட்டிக்கும் தனி அடுப்பு, தனிப் பானை, தனிச் சாவி, சிலருக்குத் தனிக் கோழி. சொந்தமென்று ஊசிகூட வைக்கக்கூடாது என்று விதி சொல்கிறது. எல்லாவற்றையும் முற்றத்தில் கொண்டுவந்து குவிக்கச் சொன்னாள் தாயார். சிலர் அழுதுகொண்டே கொடுத்தார்கள். சிலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு அண்ணன் தம்பி வீட்டுக்கே போய்விட்டார்கள். எர்ம்கார்ட் போகவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. செம்புப் பாத்திரம் ஒன்றை இடுப்பில் குழந்தைபோல் இடுக்கிக்கொண்டு முற்றத்தின் நடுவில் நின்றாள்.

"இது எங்கம்மா குடுத்தது. எம் பால நான் இதுலதான் காச்சுவேன். சங்கத்துப் பால சங்கம் காச்சிக்கட்டும்."

"பாத்திரத்தக் கீழ வை, மகளே."

"மகளா? உன்னவிட நான் பத்து வயசு மூத்தவ, தெரிஞ்சுக்கோ."

விரலில் மோதிரம் வேறு. அதையும் கழற்றமாட்டேன் என்றாள். தாயார் ஒருமுறை தனியாகச் சொன்னாள், ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொன்னாள். பிறகு விதி சொன்னபடி விலக்கு வைத்தாள்.

விலக்கு என்றால் சலவைக்கூடத்தை ஒட்டிய அறையில் தனியாகக் கிடக்க வேண்டும். யாரும் அவளோடு பேசக்கூடாது. பேசுகிறவளுக்கும் அதே விலக்கு. அவளுக்குப் போகிற ரொட்டியை வழியில் எதிர்ப்படுகிற யாரும் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கக்கூடாது. பணிந்தேன் என்று கதவுக்கு முன்னால் தரையில் முகம் குப்புறக் கைநீட்டி விழுந்தால் விலக்கு நீங்கும்.

ரொட்டி கொண்டுபோகிற வேலை தில்சேக்கு வந்தது. எதிரே வருகிறவர்கள் பழக்கத்தில் சிலுவை போட்டுவிடக்கூடாதே என்று ரொட்டியை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு போவாள். மனதுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. அதை மறைப்பானேன்? அத்தனை வருஷம் படியைத் தேய்த்தவளுக்கு அந்தச் சந்தோஷத்துக்கு உரிமை இருந்தது.

எர்ம்கார்ட் உள்ளேயிருந்து வாய் ஓயாமல் வம்பிழுப்பாள்.

"வந்துட்டியா தோலு? என் எடத்துல ஒக்காரப்போறியாமே. நல்லா தேச்சுக் குளிச்சிட்டு ஒக்காரு, பலகைல வாடை ஏறிடும்... என்ன, வாயில பூட்டா? சங்கம் ஒனக்குப் பாடுறதுக்கு வாய் குடுக்குறேன்னுச்சு, பேசுறதுக்கு இருந்த வாயையும் புடுங்கிக்கிச்சா?"

தில்சே ரொட்டியைக் கதவில் வெட்டிய சிறு திறப்பான திட்டி வாசல் வழியாகத் தள்ளிவிட்டு நடப்பாள். பிப்ரவரிப் பனியில் அந்த அறைச் சுவர் வேர்த்து, வேர்த்தது உறைந்தது. வசவு குறைந்து இருமல் கூடியது. தில்சே தாயாரிடம் சொன்னாள். "அவ பணியட்டும், அந்த நிமிஷமே நானே தூக்கிட்டு வந்து அடுப்புப் பக்கத்துல படுக்க வைக்கிறேன்" என்றாள் தாயார். செய்திருப்பாள். அதில் பொய் இல்லை.

ஒரு மாலை, ரொட்டியைத் தள்ளிவிட்டுத் திரும்பியவளின் முதுகுக்குப் பின்னால் மோதிரம் கதவில் தட்டியது. இரண்டு தட்டு, சற்று விட்டு இன்னொன்று.

"தோலு... ஏ... தில்சே. மூச்சு வரல. கதவத் தொற."

அவள் பெயர் சீமாட்டிக்குத் தெரியும் என்பதே அன்றுதான் தில்சேக்குத் தெரிந்தது. அறையின் கழிவு வாளியை எடுத்துப்போகக் கொடுத்த சாவி இடுப்பில்தான் தொங்கியது. அவள் நின்றாள். பேசினால் விலக்கு. விலக்கு வந்தால் மேடை இல்லை. உள்ளே ஏதோ தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. மாலைச் செபத்துக்கு மணி அடித்தது. தில்சே மணிக்குப் போனாள்.

விடிந்து கதவைத் திறந்தபோது எர்ம்கார்ட் கதவுக்கு நேர் முன்னால், முகம் குப்புற, இரண்டு கையையும் நீட்டியபடி கிடந்தாள். விதி சொன்ன அதே கிடை. தாயார் பார்த்ததும் முழங்காலில் விழுந்தாள்.

"பணிஞ்சிட்டா! கடைசி மூச்சுல பணிஞ்சிட்டாளே, ஆண்டவரே!"

அவள் கண்ணில் வந்தது உண்மையான கண்ணீர். வாழ்நாள் முழுவதும் அந்த விதிக்குள்ளேயே வாழ்ந்தவர்களின் கண்ணுக்கு, அப்படிக் கிடக்கிற உடம்பு வேறு எதையும் சொல்லாது. கன்னியர் எல்லோரும் பாடினார்கள். சகோதரிகளோடு சகோதரியாகப் புதைத்தார்கள். உணவுக்கூடத்தில் சிலுவை வந்தது.

மூச்சு முட்டுகிறவள் கதவை நோக்கித்தான் ஊர்ந்து வருவாள். அந்த எளிய விஷயம் அவர்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. தோன்றியவள் வாயைத் திறக்கவில்லை.

*

தவக்காலம் பிறந்தது. ரொட்டி திரும்பி வந்துகொண்டே இருந்தது. தில்சே அதை யாருக்கும் காட்டாமல் கோழிகளுக்குப் போட்டாள். கோழிகள் சுற்றி நின்று பார்த்துவிட்டு விலகிப்போயின. உணவுக்கூடத்தில் எல்லோரும் தலைகுனிந்து சாப்பிடும்போது சிலுவை இருந்த இடத்திலிருந்து தட்டுச் சத்தம் வரும். தில்சேயின் கரண்டி நின்றுவிடும். மற்றவர்களின் கரண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். சமையற்கட்டில் சீமாட்டியின் செம்புப் பாத்திரம் இப்போது பொதுச்சொத்து. அதில் பட்டாணி வேகும். எவ்வளவு சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் அடியில் பால் தீய்ந்த வட்டம் மட்டும் போகவில்லை.

முப்பது நாள் முடியப்போகிற வாரம் விசாரணைச் சாமி வந்து இறங்கினார். அன்று காலை தாயார் தில்சேயைக் கூப்பிட்டாள்.

"சாமி மொதல்ல உன்னத்தான் கேப்பாரு. ரொட்டி கொண்டுபோனவ நீதான். எர்ம்கார்ட் பணிஞ்சுதான் செத்தா, அவ மனசு மாறுனத நீ பார்த்தே. அவ்வளவுதான் சொல்லணும்."

"நான் உள்ள பாக்கலயே, தாயாரே."

"கெடந்தத நாம எல்லாரும் பார்த்தோம்." தாயார் குரல் தாழ்ந்தது. "கேளு மகளே. அவ அண்ணன் குதிரைக்காரங்களோட வந்து வாசல்ல கத்துனது உனக்குத் தெரியும். அவ விலக்கோடயே செத்தான்னு தெரிஞ்சா ஆயர்கிட்டப் போவான். சங்கத்த இந்த வீட்டவிட்டு வெரட்டுவாங்க. போன சீமாட்டிங்க பானைய தூக்கிக்கிட்டுத் திரும்பி வருவாங்க. அப்புறம் தோல்காரன் மகளுக்கு மேடையில எடம் யாரு குடுப்பா? நாளைக்கி முப்பது நாள் முடியுது. சிலுவைய எடுத்ததும் அந்த எடத்துல நீ உக்காரலாம். பாடுமேடையிலயும் அவ எடம் உனக்குத்தான்."

மிரட்டல் இல்லை, லஞ்சமும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள். தில்சே வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். உண்மையைச் சொன்னால் யாருக்கு லாபம்? மேடையில் நின்று சிரித்தவர்களுக்கு. பொய் சொன்னால் யாருக்கு நஷ்டம்? செத்தவளுக்குக்கூட இல்லை. அவளுக்குச் சிலுவையும் செபமும் கிடைக்கும். இதைவிடச் சௌகரியமான பொய் எங்கே கிடைக்கும்?

ஆனால் அந்த ரொட்டியை யாரும் எடுக்கவில்லையே.

*

சாமி வயதானவர். காலில் பனிவெடிப்பு, கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரல் மென்மை.

"பயப்படாத மகளே. சகோதரி எர்ம்கார்ட் எப்படிச் செத்தா?"

தில்சே சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மோதிரம் தட்டியது, மூச்சு வரவில்லை என்றது, சாவி இடுப்பில் இருந்தது, மணி அடித்தது.

"அவ பணியல, சாமி. கதவுக்கு வந்தா. நான் தொறக்கல."

சாமி, அவள் நினைத்தே பார்த்திராத ஒன்றைச் செய்தார். புன்னகைத்தார்.

"நீ தொறக்காதது சரிதான். தாயார் உத்தரவு இல்லாம பேசக்கூடாதுன்னு விதி. நீ கீழ்ப்படிஞ்சே. உன் மேல ஒரு பாவமும் இல்ல."

"ஒருத்தி செத்துப்போயிட்டா, சாமி."

"கீழ்ப்படிதல் கஷ்டமாத்தான் இருக்கும். உன்ன மாதிரி பொண்ணுங்கதான் சங்கத்துக்கு வேணும். அவ மனசுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? கதவுக்கு வந்தவ பணியறதுக்கே வந்திருக்கலாம்ல?"

"மூச்சு வரலன்னு சொன்னா, சாமி."

"அத நீ மறந்துடு. நாளைக்கி உன் எடத்துல போய் உக்காரு."

அடிப்பார், விலக்குவார், வாசலில் தள்ளுவார் என்றெல்லாம் நினைத்துத்தான் அவள் போயிருந்தாள். பாராட்டுவார் என்று நினைக்கவில்லை. சிரித்து அவமானப்படுத்திய சீமாட்டிகளை அவளால் வெறுக்க முடிந்தது. தட்டிக்கொடுத்தே ஒருத்தியைக் கதவுக்கு வெளியே நிற்கவைத்தவர்களை என்ன செய்வது? அத்தனை பேர் தலையாட்டிய வீட்டில், பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று செத்தது அந்தத் திமிர் பிடித்தவள் ஒருத்திதான். செத்த பிறகு அந்த மறுப்பையும் அவளிடமிருந்து பிடுங்கி, பொதுச்சொத்தாக்கி, அதில் பட்டாணி வேகவைக்கப் பார்க்கிறார்கள்.

*

மறுநாள் மதியம். சாமி தாயாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தில்சே சமையற்கட்டிலிருந்து சிலுவைக்கு உரிய பங்கைக் கடைசி முறையாகக் கொண்டுவந்தாள். பாதி தூரம் வந்தபோதுதான் தன் கையைக் கவனித்தாள்.

ரொட்டி மேலங்கிக்குள் இருந்தது. யாரும் சிலுவை போட்டுவிடக்கூடாதே என்று மறைத்து, உடம்போடு அணைத்து. இத்தனை நாளும் அப்படித்தான் கொண்டுவந்திருக்கிறாள். விலக்கு நீங்கிவிட்டதென்று ஊருக்கெல்லாம் சொன்னார்கள். அவள் கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. கூழும் பீரும் வைத்த பின், ஆசீர்வாதச் செபம் முடிந்த பின், ஓரமாக வந்து அந்த ரொட்டியைச் சிலுவைக்கு முன்னால் ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், தினமும். செத்தவள் முப்பது நாளும் விலக்கு ரொட்டியையே தின்றிருக்கிறாள். தின்னவில்லை. திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு, சற்று விட்டு இன்னொன்று.

தில்சே ரொட்டியை வெளியே எடுத்தாள். எல்லோரும் பார்க்க, இரண்டு கையாலும் தூக்கி, சிலுவைக்கு முன்னால் வைத்தாள். பணிச்சகோதரி எதையும் ஆசீர்வதிக்கக்கூடாது. வலது கையை உயர்த்தி, ரொட்டியின் மேல் பெரிதாகச் சிலுவை போட்டாள். மனப்பாடமாய் இருந்த ஆசீர்வாதச் செபத்தை, இலத்தீனில், ஒரு எழுத்துப் பிசகாமல், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கூடத்தில் அவள் சத்தமாகப் படித்தது அதுதான் முதல் தடவை.

சாப்பாட்டு வேளையில் வேதம் வாசித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். கரண்டிகள் நின்றன.

"தில்சே!" என்றாள் தாயார்.

"எர்ம்கார்ட் பணியல, தாயாரே. மூச்சு வராம கதவுக்கு ஊர்ந்து வந்தா. சாவி எங்கிட்ட இருந்துச்சு. விலக்குல செத்தவ அவ. அவ ரொட்டிய நான் இப்ப ஆசீர்வதிச்சேன். விதிப்படி எனக்கு என்னன்னு சொல்லுங்க."

"உக்காரு மகளே," என்றார் சாமி மெதுவாக. "அந்த எடம் உனக்குத்தான். உக்காந்துடு. எதுவும் நடக்கலன்னு வச்சுக்கலாம்."

சிலுவைக்குப் பின்னால் பலகை காலியாக இருந்தது. தேய்ந்து பளபளத்த ஓக் பலகை. அவள் எத்தனையோ முறை துடைத்தது. உட்கார்ந்தால் முடிந்தது.

"அங்க ஆள் இருக்கு, சாமி," என்றாள் தில்சே.

தாயாரின் முகம் வெளுத்தது. நேர்மையானவள் அவள். தன் விதியை யாருக்காகவும் வளைத்தவள் இல்லை, இப்போதும் வளைக்கவில்லை. "விலக்கு" என்றாள். சாமி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

*

சலவைக்கூடத்தை ஒட்டிய அறையில் இன்னும் இருமல் வாடை இருந்தது. கதவின் உட்பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மோதிரம் இடித்த சிறு பள்ளங்கள். தில்சே விரலால் தடவிப் பார்த்தாள். நின்றவள் தட்டிய உயரம் இல்லை அது. விழுந்து கிடந்தவள் தட்டியது.

அண்ணன்காரன் ஆயரிடம் போவான். சீமாட்டிகள் பானையோடு திரும்பலாம். சங்கமே ஜெயித்தாலும் இனி அவளுக்கு மேடை இல்லை. துடைப்பம்கூடக் கிடைக்குமா தெரியாது. அவள் காத்திருந்தாள், தட்டுச் சத்தத்துக்காக. அது வரவில்லை. அந்த அமைதியை நம்பலாமா என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

பொழுது சாயும் வேளையில் கதவின் திட்டி வாசல் வழியாக ரொட்டி உள்ளே வந்தது. கதவடியில் விழுந்த வெளிச்சத்தை இரண்டு தடித்த கால்கள் மறைத்தன. அவை உடனே போய்விட வேண்டும். போகவில்லை.

"பெட்டி காலியா வந்துச்சுடி," என்றது மெட்டேயின் குரல், மூச்சுக்காற்றில். "அந்த இருமல்காரி கிண்ணத்தக்கூட நக்கி வச்சிருக்கா."

தில்சே கதவருகே ஊர்ந்து வந்தாள்.

"அக்கா, போயிடு. பேசுனா உனக்கும் விலக்கு."

"வச்சா வைக்கட்டும். ரெண்டு பேர அடைக்க இதுல எடம் ஏது? சங்கம் வேற ரூமு கட்டட்டும்."

மாலைச் செபத்துக்கு மணி அடித்தது. முற்றத்தில் செருப்புகள் விரைந்து கடந்தன. கதவடியில் அந்தக் கால்கள் நகரவில்லை. முழங்கால் மடங்கி, மெட்டேயின் கனத்த உடம்பு தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, கதவோடு வாயை வைத்து அவள் கேட்டாள்:

"ஏண்டி, மூச்சு விட முடியுதா?"